வரைபடம் முடிவாகும் முன்

(சென்னை கடற்கரை – செங்கல்பட்டு தடத்தின் மேம்பாடும் பயணிகளின் கருத்தும் பற்றிய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை செல்லும் மின்சார ரயில் தடத்தைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அந்தத் தடத்தை மேம்படுத்தத் திட்டம் போடும்போது, அதில் அன்றாடம் ஏறி இறங்கும் மக்களிடம் எப்போது கேட்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள், கேட்டபின் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதே என் பேச்சின் பொருள்.

முதலில் ஒரு நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரல் 19 அன்று தெற்கு ரயில்வேயின் முதல் குளிர்சாதனப் புறநகர் மின்சார ரயில் இந்தத் தடத்தில்தான் ஓடத் தொடங்கியது. பன்னிரண்டு பெட்டிகள், தானாக மூடிக்கொள்ளும் கதவுகள், குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை 105 ரூபாய். வண்டி ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே, வேலைக்குப் போகிற நேரத்துக்கும் வீடு திரும்புகிற நேரத்துக்கும் அது ஒத்துவரவில்லை என்ற குறை எழுந்தது. ரயில்வே ஒரு வாட்ஸ்அப் எண்ணை அறிவித்துக் கருத்துக் கேட்டது. மே 2-ஆம் தேதி புதிய நேர அட்டவணை நடைமுறைக்கு வந்தது. சேவைகளின் எண்ணிக்கையும் கூடியது. இரண்டே வாரத்தில் ஓர் அரசுத் துறை மக்கள் சொன்னதைக் கேட்டுத் தன் முடிவை மாற்றிக்கொண்டது என்றால், அதை மனமாரப் பாராட்டத்தான் வேண்டும். பொதுமக்களிடம் கேட்டால் வேலை கெட்டுவிடும் என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டு வாரமே போதுமான மறுப்பு.

அதே நிகழ்ச்சியைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். கருத்துக் கேட்கப்பட்டபோது பெட்டிகள் தயாராகி வந்துவிட்டன. கட்டணம் ரயில்வே வாரியத்தால் முடிவு செய்யப்பட்டுவிட்டது. இருக்கை எத்தனை, நிற்க இடம் எவ்வளவு என்பதெல்லாம் தொழிற்சாலையிலேயே தீர்ந்துவிட்டது. எஞ்சியிருந்தது நேர அட்டவணை ஒன்றுதான். மாற்றுவதற்கு மிகக் குறைந்த செலவு பிடிக்கும் ஒன்றைப் பற்றி மட்டும் மக்களிடம் கேட்டார்கள். மும்பையில் அதையும் கேட்காமல் செய்து பார்த்தார்கள். 2022 ஆகஸ்டில் மத்திய ரயில்வே பத்துச் சாதாரண சேவைகளை எடுத்துவிட்டு அந்த நேரங்களில் குளிர்சாதன வண்டிகளை விட்டது. கல்வாவிலும் பத்லாபூரிலும் பயணிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் அந்தப் பத்து சேவைகளும் திரும்பப் பெறப்பட்டன. கேட்காததால் நேரம் மிச்சமாகவில்லை. முன்கூட்டிக் கேட்டிருந்தால் நாலு கூட்டத்தில் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம் தண்டவாளத்துக்கு வந்து தீர்ந்தது.

ஆகவே நான் வாதிட விரும்புவது இதுதான். பயணியின் கருத்து மரியாதைக்காகக் கேட்கப்படுகிற ஒன்றாக இருக்கக் கூடாது. தடத்தைத் திட்டமிடுவதற்குத் தேவையான, வேறு எந்தக் கருவியாலும் திரட்ட முடியாத தகவல் அது. எனவே வரைபடம் முடிவாகும் முன்பே அது கேட்கப்பட வேண்டும். ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தோடு எழுத்தில் பதில் தரப்பட வேண்டும். இந்த இரண்டும் சேராத கருத்துக் கேட்பால் பயணிக்கும் பயனில்லை, ரயில்வேக்கும் பயனில்லை.

இந்தத் தடத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 2004-இல் மீட்டர் கேஜ் வண்டிகள் விடைபெற்றன. செங்கல்பட்டு வரை சுமார் 60 கிலோமீட்டர். நகரம் தெற்கே நீண்டுகொண்டே போனதால், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் என்று ஒரு காலத்தில் ஊர்களாக இருந்தவை இன்று சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்களின் குடியிருப்புகளாகிவிட்டன. எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையே நான்கு பாதைகள் உண்டு. தாம்பரத்துக்குத் தெற்கே மூன்றுதான். தென் மாவட்ட விரைவு வண்டிகளும் மின்சார ரயில்களும் சரக்கு வண்டிகளும் அவற்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இப்போது தாம்பரம் – செங்கல்பட்டு நான்காம் பாதைக்கு ரயில்வே அமைச்சகம் 2025-இல் ஒப்புதல் தந்திருக்கிறது. மதிப்பீடு சுமார் 757 கோடி ரூபாய். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு நடைமேடை எங்கே இருக்கும், நடைமேம்பாலம் எங்கே இறங்கும், எந்த வண்டி எந்தப் பாதையில் ஓடும் என்பவை தீர்மானமாகும் காலம் இது.

இந்த நேரத்தில் சட்டம் யாரைக் கேட்கச் சொல்கிறது? ஓர் ஊரில் சுரங்கமோ அனல் மின்நிலையமோ வருவதென்றால், 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அங்கே பொது விசாரணை நடக்க வேண்டும். ரயில் பாதைத் திட்டங்கள் அந்த அறிவிக்கையின் பட்டியலில் இல்லை. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் அதற்கான பொது விசாரணையையும் கட்டாயமாக்கியது. ஆனால் 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தின் கீழ் நிலம் எடுக்கும்போது அது பொருந்தாது என்று அதே சட்டத்தின் நான்காம் அட்டவணை விலக்கு அளிக்கிறது. ரயில்வே சட்டத்திலேயே ஆட்சேபம் தெரிவிக்க ஒரு வழி உண்டு. அறிவிக்கை வெளியான 30 நாட்களுக்குள் மனுக் கொடுக்கலாம். கொடுக்கக்கூடியவர் அந்த நிலத்தில் உரிமையோ நலனோ உள்ளவர் மட்டுமே. அரை சென்ட் நிலம் போகிறவருக்குச் சட்டம் ஒரு வாய்ப்புத் தருகிறது. தந்துதான் ஆக வேண்டும். அந்தப் பாதையில் முப்பது ஆண்டுகள் சீசன் டிக்கெட் எடுத்துப் போகப் போகிறவருக்கு அப்படி எந்த இடமும் இல்லை.

பயணியின் சொல்லுக்குச் சட்டம் இடம் தரும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அது விபத்து. உயிரிழப்பு நேர்ந்தால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணை நடத்துகிறார். அவர் ரயில்வே அமைச்சகத்துக்குக் கட்டுப்படாமல், விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குபவர். செய்தித்தாளில் அறிவிப்பு வருகிறது. நடந்ததைப் பற்றித் தெரிந்த எவரும் வந்து சொல்லலாம் என்று அழைக்கிறார்கள். 2018 ஜூலை 24 காலை, உயர்மின் கம்பியில் ஏற்பட்ட கோளாறால் மின்சார ரயில்கள் வழக்கமான பாதையை விட்டு விரைவுப் பாதையில் திருப்பிவிடப்பட்டன. கடற்கரையிலிருந்து திருமால்பூர் சென்ற வண்டியில் கூட்டம் பிதுங்கியது. பரங்கிமலை நிலையத்தில், படியில் தொங்கியபடி வந்தவர்கள் பாதையோரத் தடுப்புச் சுவரில் மோதி ஐந்து பேர் இறந்தார்கள். அந்தச் சுவரை எண்ணிப் பாருங்கள். தண்டவாளத்திலிருந்து ஒரு கட்டுமானம் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதற்கு ரயில்வேயிடம் அளவு அட்டவணை உண்டு. அது பெட்டியின் அகலத்தையும் வண்டியின் அசைவையும் கணக்கில் கொள்கிறது. பெட்டிக்கு வெளியே முதுகில் பையோடு தொங்கும் மனிதனைக் கொள்வதில்லை. கொள்ளவும் முடியாது; படியில் பயணம் செய்வது குற்றம். ஆனால் காலை எட்டரை மணிக்குப் பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ ஏறுகிற எவருக்கும், ஒரு வண்டி வராவிட்டால் அடுத்த வண்டியின் வாசலில் எத்தனை பேர் தொங்குவார்கள் என்பது தெரியும். வண்டிகளைப் பாதை மாற்றி விடும் நாளில் கூட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவு பயணிகளிடம் இருந்தது. திட்டமிடும் மேசைக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி இருக்கவில்லை. சாவுக்குப் பிறகு கூப்பிட்டுக் கேட்கத் தெரிந்த அமைப்பு, சாவுக்கு முன்பும் அதே முறையில், அதே மரியாதையோடு கேட்க முடியும்.

இதற்கு முதலில் வரும் ஆட்சேபம், ரயில் பாதை அமைப்பது தொழில்நுட்ப வேலை, பொதுமக்களுக்கு அதில் என்ன தெரியும் என்பது. சிக்னல் இடைவெளியைப் பற்றியோ வளைவின் ஆரத்தைப் பற்றியோ பொதுமக்களிடம் யாரும் வாக்கெடுப்பு நடத்தச் சொல்லவில்லை. அவை பொறியாளரின் வேலை. அதில் மற்றவர்கள் தலையிடக் கூடாது. பயணிக்குத் தெரிந்தது வேறு. ஒரு நிலையத்தின் நடைமேம்பாலம் வடகோடியில் இறங்குகிறது, பேருந்து நிறுத்தமும் சந்தையும் தென்கோடியில் இருக்கின்றன என்று வையுங்கள். தென்கோடிச் சுற்றுச்சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி விழும். அதிலிருந்து தண்டவாளம் வரை புல் முளைக்காத ஒற்றையடிப் பாதை ஓடும். ஜல்லிக்கற்கள் மேல் செருப்புத் தடம் தேய்ந்து ஒரு படிபோலவே ஆகியிருக்கும். ரயில்வே அதை அத்துமீறல் என்று பார்க்கிறது. ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. சுவரை அடைப்பார்கள், மறுபடி இடிபடும், மறுபடி அடைப்பார்கள். உயிரைப் பணயம் வைத்து மக்கள் நாள்தோறும் எழுதிவைக்கும் கருத்து அது: பாலம் தவறான இடத்தில் இருக்கிறது. அங்கே தண்டவாளத்தைக் கடப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. பாலத்தின் இடத்தைக் குறிப்பதற்கு முன் அந்த ஊர் மக்களிடம் ஒருமுறை கேட்டிருந்தால், அடைப்பதற்கும் அபராதத்துக்கும் வேலை குறைந்திருக்கும் என்கிறேன். ஒரு பாலத்தை அறுபது மீட்டர் தள்ளிக் கட்டக் காகிதத்தில் இருக்கும்போது ஆகும் செலவையும், கட்டிய பிறகு இரண்டாவது பாலம் போட ஆகும் செலவையும் ஒப்பிட எந்தப் பொறியாளருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை.

வேலை நடக்கும் காலத்தைப் பற்றியும் இதே நிலைதான். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காம் பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் பறக்கும் ரயில் சேவை கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே நிறுத்தப்பட்டது. பாதையின் நீளம் நாலே கால் கிலோமீட்டர் சொச்சம், மதிப்பீடு சுமார் 274 கோடி ரூபாய், நிறுத்தம் ஏழு மாதம் என்று சொன்னார்கள். சேவை மீண்டும் தொடங்கியது 2024 அக்டோபர் 29-இல். பதினான்கு மாதம் ஆகியிருந்தது. வேலை அவசியமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த இடத்தில் பாதை நெருக்கம் எத்தனையோ வண்டிகளைத் தாமதப்படுத்தி வந்தது. ஆனால் அந்தப் பதினான்கு மாதம் யார் தலையில் விழுந்தது? திருவள்ளூரிலிருந்தோ கும்மிடிப்பூண்டியிலிருந்தோ சென்ட்ரல் வந்து, பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்து, மயிலாப்பூர், திருவான்மியூர், தரமணிக்கு வேலைக்குப் போகிறவர் மேல். தெற்கேயிருந்து அரசுப் பொது மருத்துவமனைக்கு வரும் நோயாளி மேல். பூங்கா நகரில் இறங்கினால் எதிரே மருத்துவமனை, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் பேருந்தோ ஆட்டோவோ தேட வேண்டும். சேவையைப் பூங்கா நகர் வரையாவது நீட்டிக்க முடியுமா, முடியாதென்றால் ஏன், மாற்றுப் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, ஏழு மாதம் கடந்தால் யார் வந்து காரணம் சொல்வார்கள் என்பவை பயணி கேட்கக்கூடிய நியாயமான கேள்விகள். அவற்றைக் கேட்க ஓர் அவையைக் கூட்டும்படி எந்தச் சட்டமும் ரயில்வேயைக் கட்டாயப்படுத்தவில்லை. முன்கூட்டி விவாதித்திருந்தால் ஏழு மாதத்தில் முடிந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. பதினான்கு மாதம் ஆகலாம் என்று தெரிந்திருந்தால், வீடு மாற்றுவதா, வேலை நேரத்தை மாற்றிக் கேட்பதா, பிள்ளையின் பள்ளியை மாற்றுவதா என்று மக்கள் தங்கள் வாழ்க்கையைத் திட்டமிட்டிருப்பார்கள். துல்லியமான தகவலும் ஒரு வகை நிவாரணம்தான்.

அடுத்த ஆட்சேபம் கனமானது. பொறுப்புள்ள அதிகாரிகள் பலர் உண்மையாகவே நம்புவது. கருத்துக் கேட்கத் தொடங்கினால் எந்தத் திட்டமும் நகராது, ஆளுக்கொரு வழக்குப் போடுவார்கள் என்பது அது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையான பறக்கும் ரயில் இணைப்பைப் பார்ப்போம். மொத்தமே சுமார் ஐந்து கிலோமீட்டர். வேலை 2008 வாக்கில் தொடங்கியது. பெரும்பகுதித் தூண்களும் பாலமும் எழுந்துவிட்டன. ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டர் மட்டும் நில வழக்கில் சிக்கிப் பத்தாண்டுக்கும் மேலாக அந்தரத்தில் நின்றது. அங்கே தாமதம் வந்தது கருத்துக் கேட்டதாலா? நிலம் இழப்பவர்கள் இழப்பீட்டைப் பற்றிப் பேச நீதிமன்றத்தைத் தவிர வேறு இடம் காணவில்லை. மேசையில் பேச வேண்டியதை வழக்கறிஞர் மூலம் பேசினால் ஆண்டுக்கணக்கில்தான் ஆகும். மும்பையில் நேர்மாறான ஓர் அனுபவம் உண்டு. உலக வங்கி நிதியுதவியோடு நடந்த மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்துக்காகத் தண்டவாளத்தை ஒட்டிக் குடிசையில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை இடம் மாற்ற வேண்டியிருந்தது. ரயில்வே குடிசைவாசிகள் கூட்டமைப்பும் ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து, குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்தன. யார் எங்கே போவது என்பதை அந்த மக்களே உட்கார்ந்து தீர்மானித்தார்கள். பெரும்பாலானோர் வழக்கும் போலீசும் இல்லாமல் தாமே இடம்பெயர்ந்தார்கள். தண்டவாளம் விடுபட்டு வண்டிகளின் வேகம் கூடியது. அதே திட்டத்தின் சாலைப் பகுதியில் கடைக்காரர்களின் குறைகளைச் சரியாகக் கேட்காதபோது, புகார் உலக வங்கியின் ஆய்வுக் குழு வரை போய், 2006-இல் வங்கி அந்தப் பகுதிக்கான நிதியையே சில மாதம் நிறுத்திவைத்தது. ஒரே நகரம், ஒரே திட்டம், இரண்டு விதமான அணுகுமுறை. எது வேகமாக நகர்ந்தது என்பது கண்முன்னே இருக்கிறது.

எதிர்த்தரப்புக்கு வலுச்சேர்க்கும் சான்றும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹோசேக்கும் இடையே ஓடும் கால்ட்ரெயின் புறநகர்த் தடத்தை மின்மயமாக்கியபோது, மாநிலச் சட்டப்படி சுற்றுச்சூழல் அறிக்கையின் வரைவைப் பொதுமக்கள் முன் வைத்தார்கள். வந்த கருத்துகளையும், அவற்றுக்கான பதில்களையும் இறுதி அறிக்கையிலேயே அச்சிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அறிக்கை 2015 ஜனவரியில் ஏற்கப்பட்டது. உடனே ஆத்தர்டன் என்ற வசதி படைத்த சிற்றூர் வழக்குப் போட்டது. அந்த வழக்கில் ரயில் நிறுவனமே வென்றது. 2024 செப்டம்பர் 21 முதல் முழுச் சேவையும் மின்சார வண்டிகளுக்கு மாறியது. கேட்கும் உரிமையைப் பணக்காரர்கள் தடுக்கும் கருவியாக்கப் பார்ப்பார்கள் என்பதற்கு அது சான்று. அதனால்தான், பயணிக்கும் குடியிருப்போருக்கும் நான் கேட்பது பதில் பெறும் உரிமையை மட்டுமே. தடுக்கும் அதிகாரத்தை நான் கேட்கவில்லை. அதே தடத்தில் இன்னொன்றும் நடந்தது: புதிய பெட்டிகளில் மிதிவண்டிக்கு எவ்வளவு இடம், கழிப்பறை வேண்டுமா, இருக்கை எத்தனை என்று பெட்டி வாங்கும் முன்பே வெளிப்படையாக விவாதித்தார்கள். எட்டு இருக்கைக்கு ஒரு மிதிவண்டி இடம் என்ற விகிதத்தை நிர்வாகக் குழு பொதுக்கூட்டத்தில் முடிவு செய்தது. கழிப்பறை கூடினால் இருக்கை குறையும் என்பதை மக்களிடம் சொன்னால் அவர்கள் புரிந்துகொள்வார்கள். இதைத் தந்தால் அதைப் பெற முடியாது என்று சொல்லாமல் வெறுமனே கருத்துக் கேட்டால்தான், எல்லாம் வேண்டும் என்ற பட்டியல் வந்து சேரும்.

சரி, கேட்டால் யார் பேசுவார்கள்? இந்தக் கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஏற்கெனவே மண்டல அளவிலும் கோட்ட அளவிலும் ரயில் பயணிகள் ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றின் உறுப்பினர்கள் நியமிக்கப்படுபவர்கள். குழுவின் பணி ஆலோசனை சொல்வதோடு முடிகிறது. தனிப்பட்ட முறையில் அக்கறையோடு உழைக்கும் உறுப்பினர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் குழுவில் விடியற்காலை முதல் வண்டியில் பூக்கூடையோடு ஏறும் அம்மா இருக்கிறாரா? தாம்பரம் சானடோரியத்தில் இறங்கி ஏற்றுமதி மண்டலத்துக்குப் போகிற தொழிலாளிப் பெண் இருக்கிறாரா? இரவுப் பணி முடித்து வருகிற துப்புரவுப் பணியாளர், சக்கர நாற்காலியில் வருகிறவர், வெளிமாநிலத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி? வாட்ஸ்அப் எண்ணிலும் இதே சிக்கல்தான். தட்டச்சு செய்ய நேரமும் பழக்கமும் உள்ளவர்களின் குரலே அதில் முந்தி வரும். பெண்களின் நிலையைத் தனியாகவே சொல்ல வேண்டும். 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் நிலைய நடைமேடையில் பட்டப்பகலில் ஒரு பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, அந்த நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இல்லை என்பது நாடெங்கும் பேசப்பட்டது. எந்த நடைமேடை எந்த நேரத்தில் ஆளரவமற்றுப் போகும், எந்தப் படிக்கட்டில் விளக்கு எரியாது, பெண்கள் பெட்டி நிற்கும் இடத்துக்கும் வெளிவாசலுக்கும் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அந்த நிலையத்தைப் பயன்படுத்தும் பெண்களுக்கு அத்துப்படி. அந்த அறிவு ஒரு கொலைக்குப் பிறகு விலை பெறக் கூடாது. எனவே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, வேலை நாளில் பகல் பதினோரு மணிக்கு அலுவலகத்தில் கூட்டம் போட்டால், யாரைக் கேட்க வேண்டுமோ அவரை விட்டுவிட்டதாகவே பொருள். நடைமேடையிலேயே, காலை நெரிசலிலும் மாலை நெரிசலிலும், மேசை போட்டு உட்கார வேண்டும். தமிழிலும், தேவைப்படும் இடத்தில் இந்தியிலும் வரைபடத்தை விளக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்வதை எழுதிக்கொள்ள ஆள் வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போகத் தெரிந்த அரசுக்கு இது புதிய வித்தையில்லை.

ஐந்து ரூபாயில் தொடங்கும் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு இவ்வளவும் கேட்கலாமா என்று சிலர் சொல்வதுண்டு. புறநகர் சேவை ரயில்வேக்கு இழப்பில் ஓடுவது உண்மை. அந்த இழப்பை ஈடுகட்டுவது பொதுப்பணம். பொதுப்பணம் செலவாகும் இடத்தில் கணக்குக் கேட்கும் உரிமை கூடுமே தவிரக் குறையாது. இந்த ஆட்சேபத்துக்கு இதற்கு மேல் நேரம் செலவிட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டு நிர்வாகங்கள் ஒன்றையொன்று கேட்காததன் விலையும் இதே தடத்தில் தெரிகிறது. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே மாற்றப்பட்டன. முனையத்துக்கு எதிரே, ஜி.எஸ்.டி. சாலைக்கு மறுபுறம், வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே மின்சார ரயில் பாதை ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நிற்க நிலையம் மட்டும் அன்று இல்லை. மூட்டையும் குழந்தையுமாக நள்ளிரவில் இறங்கிய குடும்பங்கள், கண்ணுக்கு எதிரே ஓடும் ரயிலைப் பார்த்தபடி மாநகரப் பேருந்துக்குக் காத்திருந்தார்கள். முனையத்தின் வரைபடத்தையும் பாதையின் வரைபடத்தையும் ஒரே மேசையில் விரித்து, இரண்டையும் பயன்படுத்தப் போகிறவர்களை அழைத்துக் கேட்டிருந்தால், முதல் கேள்வியே ரயில் நிலையம் எங்கே என்பதாகத்தான் இருந்திருக்கும். இத்தகைய மேசையாக இருப்பதற்கென்றே 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் உருவானது. சட்டம் வந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே அது செயல்படத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் மாநகராட்சியின் 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023 மே மாதத்தில் திறக்கப்பட்டது. ரயில்வே எல்லையும் மாநகராட்சி எல்லையும் சந்திக்கும் இடத்தில் இரு தரப்பும் மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை மனுப்போட்டுத் தகவல் வாங்கும் சட்டமாகவே நாம் பழகிவிட்டோம். அதன் நான்காம் பிரிவை யாரும் அதிகம் திறந்து பார்ப்பதில்லை. பொதுமக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போது அவை தொடர்பான எல்லா விவரங்களையும் அரசு அமைப்பு தானாகவே வெளியிட வேண்டும் என்றும், பாதிக்கப்படுகிறவர்களுக்கு நிர்வாக முடிவின் காரணங்களைத் தர வேண்டும் என்றும் அது கடமை விதிக்கிறது. யாரும் மனுப்போடாமலே செய்ய வேண்டிய வேலை இது. இன்னொரு பிடிமானமும் இருக்கிறது. புதிய பாதையைப் பயணிகளுக்குத் திறக்கும் முன் பாதுகாப்பு ஆணையர் ஆய்வு செய்து ஒப்புதல் தந்தாக வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் ஒரு வண்டியும் ஓடாது. அதைப்போலவே, விரிவான திட்ட அறிக்கையை ஏற்பதற்கு முன் பயணிகள் கருத்தும் அதற்கான பதிலும் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கும் ஒரு நிபந்தனையை ரயில்வே வாரியம் ஒரு சுற்றறிக்கையிலேயே கொண்டுவர முடியும். பதில் நீளமாக இருக்க வேண்டியதில்லை. பொத்தேரியில் கல்லூரிப் பக்கம் இன்னொரு படிக்கட்டு வேண்டும் என்று கேட்டால், முடியும், இந்த ஆண்டுக்குள் என்றோ, முடியாது, அங்கே நான்காம் பாதையின் மின்கம்பம் வருகிறது என்றோ இரண்டு வரி போதும். மறுப்பாக இருந்தாலும் காரணம் தெரிந்தால் பயணி அதை எதிர்த்து வாதிடவாவது முடியும். பொறியாளரும் தன் காரணத்தை எழுதும்போது அதைத் தானே ஒருமுறை சரிபார்ப்பார்.

தாம்பரம் – செங்கல்பட்டு நான்காம் பாதையில் இதைத் தொடங்கலாம். முப்பது கிலோமீட்டர், பத்துச் சொச்ச நிலையங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு தாளில் அடங்கும் எளிய வரைபடம் போதும். இன்றிருக்கும் நடைமேடை, வரப்போகும் பாதை, பாலம் இறங்கும் இடம், மின்தூக்கி, கழிப்பறை, பேருந்து நிறுத்தம், வேலை நடக்கும் மாதங்கள், அந்த மாதங்களில் ரத்தாகும் வண்டிகள், தாமதமானால் விளக்கம் தர வேண்டிய அதிகாரியின் பதவி ஆகியவை அதில் இருக்க வேண்டும். அதை டிக்கெட் கவுன்டருக்கு அருகே ஒட்டிவைக்கட்டும். நிலத்தில் உரிமை உள்ளவருக்குச் சட்டம் தரும் அதே 30 நாட்களைச் சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கும் தரட்டும். அடுத்த 60 நாட்களில் பதில்கள் அதே இடத்தில் ஒட்டப்படட்டும். நில அளவை, ஒப்பந்தப்புள்ளி, மாநில அரசின் அனுமதி என்று இத்திட்டம் எப்படியும் கடக்க வேண்டிய மாதங்களுக்குள்ளேயே இந்தத் தொண்ணூறு நாளும் அடங்கிவிடும்.